பேச்சுக்குச் செவி கடிவாளமா?

மனிதன் தன் குரலைத் தானே கேட்டுக்கேட்டுத்தான் பேசுகிறான் என்றும், நாவை விட்டுப் புறப்பட்ட ஒவ்வோர் ஒலியும் செவியின் வழியே மூளைக்குத் திரும்பி, அங்கே பேச எண்ணியதோடு ஒப்பிடப்பட்டு, பிழை கண்ட இடத்தில் அக்கணமே திருத்தம் பெறுகிறது என்றும், இத்திருத்தம் ஓயுமானால் பேச்சும் ஓய்ந்துபோகும் என்றும் ஓர் அபிப்பிராயம் எழுபது ஆண்டுகளாகப் பாடநூல்களிலும், பொதுமக்களுக்கென்று எழுதப்படும் விஞ்ஞானக் கட்டுரைகளிலும், திக்குவாய்க்குக் கருவி விற்பவர்களின் விளம்பரங்களிலும் வேரூன்றி நிற்கிறது. இந்த அபிப்பிராயத்துக்குப் பொறியியலின் பெருமதிப்பு முட்டுக்கொடுத்து வருகிறது. தொலைபேசிப் பெருக்கிகளிலும், பீரங்கிகளைக் குறிவைக்கும் யந்திரங்களிலும், வெப்பநிலையைக் காக்கும் சாதனங்களிலும் பின்னூட்டம் என்னும் தத்துவம் அற்புதங்களைச் செய்திருக்க, பேச்சிலும் அதுவே தொழிற்பட வேண்டும் என்று எண்ணுவது எளிது. எளிது என்பதற்கு மேல் அந்த எண்ணத்துக்குப் பலம் உண்டா என்று பார்க்க வேண்டும். அதைப் போற்றுகிறவர்கள் எந்தப் பொறியியலைத் துணைக்கு அழைக்கிறார்களோ, அந்தப் பொறியியலே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது என்பது என் கட்சி.

பூர்வபட்சத்தை, அதாவது எதிர்த்தரப்பின் வாதத்தை, அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துவைப்பது முறை. 1950-இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒலிநாடாக் கருவியில் பதிவு செய்யும் முனைக்கும் திரும்ப ஒலிக்கச் செய்யும் முனைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ஒருவன் பேசப்பேச அவன் குரலையே சற்றுக் காலந்தாழ்த்தி அவன் காதுக்கு அனுப்பும் பரிசோதனையை வெளியிட்டார். தடையின்றிப் படிக்க வல்லவர்களும் அந்நிலையில் சொற்களை இழுத்தார்கள், அசைகளை இரட்டித்தார்கள், குரலை உயர்த்தினார்கள், சிலர் வாயடைத்து நின்றார்கள். மறு ஆண்டில் லீ இதனைச் செயற்கைத் திக்கு என்றே குறிப்பிட்டார். இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராண்ட் ஃபேர்பாங்க்ஸ், 1954-இல் பேச்சுறுப்புகள் அனைத்தையும் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் ஒரு சர்வோ யந்திரமாக வரைந்து காட்டி, அதில் செவிக்குப் பிழை காணும் பதவியை அளித்தார். காலதாமதம் 200 மில்லி விநாடியாக, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காக, இருக்கும்போது தடுமாற்றம் உச்சத்தை எட்டுகிறது என்பதை அடுத்த ஆண்டில் அளந்து வெளியிட்டார். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1911-இல், பாரிஸ் நகரத்துச் செவி மருத்துவர் எத்தியேன் லொம்பார், காதில் இரைச்சலைச் செலுத்தினால் கேட்கும் திறனுள்ளவன் தன்னையறியாமலே குரலை உயர்த்திவிடுகிறான் என்று கண்டு, செவிடென்று நடிப்பவர்களைப் பிடிக்க அதையே ஓர் உபாயமாகக் கொண்டிருந்தார். பிறவியிலேயே செவி கேளாத குழந்தைக்குப் பேச்சு தானாக வருவதில்லை என்பதோ உலகறிந்த செய்தி. செவியைக் குழப்பினால் பேச்சு குழம்புகிறது. செவியை மறைத்தால் குரல் மாறுகிறது. செவி இல்லையேல் பேச்சே பிறப்பதில்லை. ஆகவே செவியே பேச்சை நடத்துகிறது. இதுதான் அவர்கள் வாதம்.

வாதம் அழகானதுதான். ஆனால், ஒன்றுக்கு இன்னது காரணம் என்று நிலைநாட்ட வேண்டுமானால், அது இருக்கையில் காரியம் இருப்பதையும், அது இல்லாதபோது காரியமும் இல்லாமற்போவதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று நம் தார்க்கிகர்கள் அந்வயம், வியதிரேகம் என்னும் பெயர்களால் வகுத்திருக்கிறார்கள். செவியை நீக்கிப் பார்ப்பதுதான் வியதிரேகம். செவியில் வேறொன்றைப் புகுத்திப் பார்ப்பது வியதிரேகம் ஆகாது. தாளம் போட்டுப் பாடுகிறவனுக்கு அருகில் ஒருவன் உட்கார்ந்து அரை அட்சரம் தள்ளித் தட்டிக்கொண்டே இருந்தால் பாட்டு தடுமாறத்தான் செய்யும். அதைக்கொண்டு, பாடகன் இதுவரை அடுத்தவன் கையைப் பார்த்துத்தான் பாடிவந்தான் என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. லீயின் பரிசோதனையிலிருந்து பெறப்படும் அனுமானமோ ஏறக்குறைய அந்தத் தீர்ப்பேதான்.

மெய்யான வியதிரேகம் நமக்குக் கிடைக்காததன்று. பேரிரைச்சலைக் காதில் பெய்து, ஒருவனுக்குத் தன் குரலே கேளாதபடி செய்துவிட்டுப் பேசச் சொன்னால், அவன் உரக்கப் பேசுகிறான், சுருதி ஏறுகிறது, குரலின் நயம் கெடுகிறது. ஆயினும் சொற்கள் சிதைவதில்லை, அசைகள் இரட்டிப்பதில்லை, வாக்கியம் வாக்கியமாகவே முடிகிறது. இதில் உள்ள முரண்பாட்டைப் பூர்வபட்சத்தார் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. திருத்தத்துக்கு வேண்டிய செய்தி தாமதமாக வருவதே பேச்சைக் குலைக்குமானால், அச்செய்தி அறவே வராதது அதைவிட மிகுதியாகக் குலைக்க வேண்டும். உண்மையில் நிகழ்வது இதற்கு நேர் விரோதம்: கேளாதவன் பேசுகிறான், தாமதித்துக் கேட்பவனே திணறுகிறான். வளர்ந்த பிறகு செவிப்புலனை முற்றிலும் இழந்தவர்களையும் பார்க்கலாம். அவர்களுடைய பேச்சு பிறருக்கு விளங்கும்படியாகவே ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. முதலில் கட்டுக்குலைவது உரப்பும் சுருதியும். அதற்குப் பின்னரே, மிக மெதுவாக, ஸகர ஷகரம் போன்ற நுண்ணிய வேற்றுமைகள் மங்கத் தொடங்குகின்றன. உணர்கருவியின் கம்பியை அறுத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் செவ்வையாக ஓடும் சர்வோ யந்திரத்தை எந்தப் பொறியாளரும் கண்டதில்லை; அப்படி ஓடுமாயின், அந்தக் கம்பி ஓட்டத்துக்கு உரியதன்று, வேறேதோ காரியத்துக்கு உரியது என்றே அவர் முடிவு செய்வார்.

ஒலிநாடாப் பரிசோதனையில் நிகழ்ந்ததுதான் என்ன? தாமதப்பட்டது பின்னூட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதுவே பிழை. நம் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டும் கேட்பதில்லை. கபாலத்தின் எலும்புகள் வழியாகவும் உட்செவியைச் சேர்கிறது. இவ்விரண்டு வழிகளிலும் வரும் பங்கு ஏறக்குறையச் சமமானது என்று கியோர்க் ஃபொன் பேக்கேஷி 1949-இல் காட்டினார். எலும்பின் வழி வரும் பங்கை எந்த ஒலிநாடாவும் தாமதப்படுத்த முடியாது. ஆகையால்தான் பரிசோதகர்கள் தாமதித்த குரலை மிகவும் உரக்க ஒலிக்கச் செய்து எலும்பின் குரலை அமுக்கப் பார்க்கிறார்கள். அப்படியும் உள்ளபடியே அங்கே நடப்பது, உரிய காலத்தில் வரும் ஒலியோடு உரிய காலத்தில் வராத இன்னோர் ஒலியைப் போட்டிக்கு விடுவதுதான். இதற்கு இன்னும் கூர்மையான அத்தாட்சி 1984-இல் வந்தது. பீட்டர் ஹவல் என்பவரும் ஆர்ச்சர் என்பவரும், தாமதித்த குரலுக்குப் பதிலாக, அக்குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் உடைய, பேச்சே அல்லாத வெறும் சப்தம் ஒன்றைக் காதில் ஒலிக்கச் செய்தார்கள். தடுமாற்றம் அதே அளவில் உண்டாயிற்று. அந்தச் சப்தத்தில் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, எண்ணியதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லே இல்லை. ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் ஒப்பீட்டால் தடுமாறினான் என்பது எவ்வாறு பொருந்தும்? குலைந்தது தாளம் என்று கொண்டாலோ எல்லாம் பொருந்துகிறது. ஆங்கிலம் பேசுகிறவர் விநாடிக்கு நான்கைந்து அசைகள் பேசுகிறார். ஓர் அசையின் கால அளவு ஏறத்தாழ 200 மில்லி விநாடி. தடுமாற்றத்தின் உச்சமும் அதுவே. மெதுவாகப் பேசும் சிறு குழந்தைகளுக்கு உச்சத் தடுமாற்றத்தைத் தரும் தாமதமும் பெரியவர்களுக்கு உள்ளதைவிட நீளமாக இருப்பதை டொனால்ட் மக்கே 1968-இல் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லலாம். ஐரோப்பியப் பேராலயங்களில் குழல் ஆர்கன் வாசிப்பவரின் விரற்பலகை ஓரிடத்திலும் குழல்கள் வேறிடத்திலும் இருப்பதுண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், 34 மீட்டர் தூரத்துக் குழலின் நாதம் பத்தில் ஒரு பங்கு விநாடி கழித்தே வாசிப்பவரை வந்தடையும். புதியவர் அங்கே அல்லற்படுவார். பழகிய வித்துவான் காதுக்கு வருவதைப் பொருட்படுத்தாமல் விரலை நம்பி வாசிக்கக் கற்றுக்கொள்கிறார். ஆராதனை தடையின்றி நடக்கிறது.

இனிப் பொறியியலுக்கு வருவோம். இங்கேதான் பூர்வபட்சத்தார் தங்களுக்குப் பெரும் பலம் இருப்பதாக எண்ணுகிறார்கள். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹெரால்ட் பிளாக், வேலைக்குச் செல்லும்போது ஹட்ஸன் ஆற்றைக் கடக்கும் படகில், தம் கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தாள் ஒன்றிலேயே எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியின் கணக்கைக் குறித்துக்கொண்டார். பெருக்கியினின்று வெளிவரும் மின்னலையில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி மறுபடி உட்புகும் வாயிலில் சேர்த்தால், பெருக்கத்தில் பெரும் பங்கை இழந்தாலும் எஞ்சியது பழுதற்றதாகிறது என்பதே அவர் கண்ட உண்மை. இந்த நன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. திருப்பி அனுப்பப்படும் அலை, தான் திருத்த வேண்டிய அலை மாறிவிடுவதற்குள் வந்துசேர வேண்டும். தாமதம் அலையின் அரைச் சுற்று அளவுக்கு வளர்ந்துவிட்டால், கழிக்க வந்தது கூட்டுகிறது. தணிக்க வந்தது தூண்டுகிறது. வளையத்தைச் சுற்றிவரும் அலையின் பெருக்கமும் கட்டமும் எவ்வாறு அமைந்தால் அமைப்பு தானே கூவத் தொடங்கும் என்பதை ஹாரி நைக்விஸ்ட் 1932-இல் கணிதத்தால் நிறுவினார். மேடையில் மைக் கூவும்போது நாம் கேட்பது இதைத்தான். டென்மார்க்கு விஞ்ஞானி ஸோரன் லார்ஸன் பெயரால் அது வழங்குகிறது. சத்தம் மிகுந்ததால் மைக் கூவுகிறது என்று சபையினர் நினைக்கிறார்கள். மொத்தச் சத்தத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் இல்லை. மண்டபம் எந்த ஓர் அதிர்வெண்ணை மற்றவற்றைவிட விரும்பித் திருப்பி அனுப்புகிறதோ, அதுவே எல்லைமீறுகிறது. அதனால்தான் மான்ஃபிரட் ஷ்ரோடர், ஒலிபெருக்கிக்குச் செல்லும் குரலின் அதிர்வெண்களை 5 ஹெர்ட்ஸ் அளவு மட்டும் நகர்த்தி, கேட்பவருக்கு அநேகமாகத் தெரியாதபடி, கூவல் இல்லாமலே சில டெசிபெல் அதிகப் பெருக்கத்தைப் பெற வழி காட்டினார். அவர் 1964-இல் வெளியிட்ட அந்தக் கட்டுரை, கருத்தின் எளிமைக்காகவே படிக்கத் தக்கது.

இந்தக் கணிதத்தைப் பேச்சின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். செவி ஒரு பிழையைக் கேட்டு, மூளை அதை உணர்ந்து, குரல்வளைத் தசைகள் மறுமொழி கொடுக்க எவ்வளவு காலம் ஆகிறது என்பது அளக்கப்பட்டிருக்கிறது. 100 முதல் 150 மில்லி விநாடி வரை செல்கிறது. தூய தாமதம் 100 மில்லி விநாடியாயின் விநாடிக்கு 5 முறை அசையும் மாற்றத்தில் அரைச்சுற்று கழிந்துவிடும். 150 ஆயின் விநாடிக்கு மூன்றேகால் முறைக்குச் சற்று மேலான அசைவிலேயே கழிந்துவிடும். விநாடிக்கு நான்கைந்து அசைகள் என்னும் பேச்சின் இயல்பான நடை சரியாக அந்த எல்லைக்குள் விழுகிறது. செவி தன் முழு அதிகாரத்தோடு அசைக்கு அசை திருத்திக்கொண்டிருந்தால், அதன் திருத்தம் ஒவ்வொன்றும் அடுத்த அசையின் மேல், அதுவும் தவறான திசையில், வந்து விழும். மனிதன் பேச மாட்டான், கூவுவான். ஆங்கிலத்தில் ப என்னும் ஒலியையும் அதன் குரலுடைய இணையையும் பிரித்துக் காட்டுவதோ இருபது முப்பது மில்லி விநாடி வேற்றுமைதான்; பிழை காதில் விழுவதற்குள் அந்த மெய்யெழுத்து கடந்து, உயிரெழுத்தும் பாதி முடிந்திருக்கும். பூர்வபட்சத்தின் ஆசிரியராகக் கருதப்படும் ஃபேர்பாங்க்ஸே இந்த இக்கட்டை உணர்ந்து, வரப்போவதை முன்கூட்டி அனுமானிக்கும் உறுப்பு ஒன்றைத் தம் வரைபடத்தில் சேர்த்திருந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு தெளிவான இடர்ப்பாட்டை அறிவாளிகள் ஏன் காணவில்லை என்று கேட்கலாம். காலத்தின் மோகம் என்பதே விடை. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்களைக் குறிவைக்கும் பீரங்கிகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள், யுத்தம் முடிந்தபோது கையில் ஒரு சிறந்த தத்துவத்தோடு வெளியே வந்து, அதற்கு இடமுள்ள துறைகளையெல்லாம் தேடினார்கள். 1948-இல் நார்பர்ட் வீனர் எழுதிய சைபர்நெட்டிக்ஸ் என்னும் நூல் அத்தேடலுக்கு வேதமாயிற்று. ஆனால் வீனர், தம்மைப் பின்பற்றியவர்களைவிடக் கவனமானவர். பின்னூட்டம் அளவு மிஞ்சினால் யந்திரம் ஊசலாடுவது போல, ஒரு பென்சிலை எடுக்கக் கை நீட்டும்போது இலக்கைத் தாண்டித்தாண்டி ஊசலாடும் வியாதி மனிதருக்கு உண்டா என்று அவரும் ஜூலியன் பிக்லோவும் உடலியல் அறிஞர் ரோஸன்ப்ளூத்தைக் கேட்டார்கள். சிறுமூளை பழுதுற்றவர்களுக்கு உண்டு என்று அவர் விடையளித்தார். பின்னூட்டம் தாமதித்து ஆட்சி செய்வதன் அடையாளம் நோயாளியின் நடுக்கமே என்பது இதனால் பெறப்படுகிறது. கார்ல் லாஷ்லி 1951-இல் வெளியான தம் உரையில், பயின்ற இசைவாணனின் விரல் விநாடிக்கு 16 முறை வரை வரிசை மாறாமல் தட்ட வல்லது என்பதைக் காட்டி, முந்திய அசைவின் உணர்ச்சி திரும்பி வந்து பிந்திய அசைவைத் தூண்டுகிறது என்ற கொள்கைக்கு அங்கே காலமே இல்லை என்று வாதித்தார். லீயின் பரிசோதனையும் இந்த உரையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிவந்தவை. பேச்சைப் பற்றி எழுதியவர்கள் முதலாவதைப் பற்றிக்கொண்ட அளவுக்கு இரண்டாவதைப் பற்றிக்கொள்ளவில்லை.

இப்பொழுது எதிர்த்தரப்பார் புதிய ஆயுதம் ஒன்றை எடுப்பார்கள். கணிப்பொறி வந்த பின், பேசுகிறவனின் குரலை அவன் அறியாமலே அக்கணத்திலேயே மாற்றிக் கேட்பிக்க முடிகிறது. சுருதியைச் சற்று ஏற்றினால் அவன் தன் குரலைத் தாழ்த்துகிறான், உயிரொலியின் ஒத்ததிர்வை ஒரு பக்கம் நகர்த்தினால் அவன் மறுபக்கம் நகர்கிறான். இது அப்பட்டமான பின்னூட்டம் அல்லவா என்பார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஈடுகட்டல் நூறு மில்லி விநாடிக்கு மேல் கழித்துத் தொடங்குகிறது. தொடங்கினாலும் பிழையில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டுகிறது. அதைக் காண உயிரெழுத்தை வழக்கத்துக்கு மாறாக நீட்டிச் சொல்லச் சொல்வதே பரிசோதகர்களின் வழக்கம். ஓடும் பேச்சில் அவ்வளவு அவகாசம் ஏது? இத்துறையில் மிகச் சிறந்த பரிசோதனை ஜான் ஹூட், மைக்கேல் ஜோர்டன் என்னும் இருவர் 1998-இல் வெளியிட்டது. எலும்பின் வழி வரும் ஒலியைக் குறைப்பதற்காகச் சொற்களைக் கிசுகிசுக்கச் சொல்லி, ஓர் உயிரொலியைச் சிறிது சிறிதாக வேறோர் உயிரொலியின் பக்கம் நகர்த்திக் கேட்பித்தார்கள். பேசினவர்கள் பல முறை உச்சரித்தபின் தங்கள் உச்சாரணத்தையே மாற்றிக்கொண்டார்கள். பிறகு இரைச்சலால் செவியை மறைத்தபோதும் அந்த மாறுதல் நிலைத்து நின்றது. பூர்வபட்சத்தார் இதைத் தங்கள் பக்கம் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கோ இது அவர்களுக்கு எதிரான தீர்ப்பாகவே தோன்றுகிறது. அக்கணத்துச் செவிதான் நாவை நடத்துகிறது என்றால், செவி மறைந்த அக்கணமே நா பழைய நிலைக்கு மீள வேண்டும். மீளவில்லை. செவி அங்கே கற்பித்தது. கற்றதை வைத்துக்கொண்டு நா தனியே நடந்தது. பிறவிச் செவிடான குழந்தைக்குப் பேச்சு வராததும் இதனாலேயே விளங்குகிறது. ஆசிரியன் இல்லாத இடத்தில் பாடம் இல்லை. ஆசிரியன் அறையை விட்டுப் போனதும் மாணவன் பாடத்தை மறந்துவிடுவான் என்று அதிலிருந்து பெறப்படாது.

திக்குவாய் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. தாமதித்த குரல் சாதாரண மனிதனைத் திக்கச் செய்கிறது, திக்குகிறவர்களில் சிலரைத் திக்காமல் செய்கிறது என்பதை வைத்து, அவர்களுடைய செவி வழியில் இயற்கையான தாமதம் ஒன்று இருக்கிறது என்று கட்டிய கொள்கை வெகுகாலம் உலவியது. காலின் செரியும் புரூஸ் ஸேயர்ஸும் 1956-இல் எழுதியதைப் பார்த்தால், இரைச்சலால் செவியை மறைத்தாலும், வேறொருவர் படிக்க உடன் சேர்ந்து படித்தாலும் திக்கு குறைகிறது. உடன் படிப்பவர் எந்தத் தாமதத்தைத் திருத்துகிறார்? கருவி சிலருக்கு உபகாரம் செய்யலாம். அதை வாங்குகிறவரைத் தடுப்பது என் வேலையன்று. அதன் உறையில் அச்சிட்டிருக்கும் சித்தாந்தத்துக்கும் அந்த உபகாரத்துக்கும் தொடர்பில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

அப்படியானால் அக்கணத்துச் செவிக்குப் பேச்சில் வேலையே இல்லையா? உண்டு, அதன் எல்லையையும் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த உட்செவிக் கருவி நன்கு வரையறுத்துத் தந்திருக்கிறது. வளர்ந்த பின் செவிடாகி, அறுவைச் சிகிச்சையால் மின்முனைகள் பொருத்தப்பட்டவர்களை ஹார்லன் லேன், ஜோசப் பெர்க்கெல் முதலியோர் 1990-களில் ஆராய்ந்தார்கள். கருவியை அணைத்தும் மீண்டும் திறந்தும் பார்த்தபோது, குரலின் உரப்பும், ஆதார சுருதியும், மூச்சின் பாங்கும் சிறிது நேரத்திலேயே மாறின. ஸகர ஷகர வேற்றுமை மங்கிப்போயிருந்த சிலருக்கோ அது மாதக்கணக்கில் கேட்ட பிறகே தெளிவு பெற்றது. விரைவில் மாறியவை எவை என்று கவனிக்க வேண்டும். அவை அசைக்கு அசை புதிதாக அமைக்கப்படுவன அல்ல. இருக்கும் இடத்தையும், கேட்பவர் தூரத்தையும், சுற்றியுள்ள இரைச்சலையும் பார்த்து ஒரு முறை அமைத்துக்கொண்டால் நெடுநேரம் அப்படியே நிற்பவை. அவற்றைத் திருத்துவதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடித் தாமதம் ஒரு தடையே அன்று. பிளாக்கின் பெருக்கிக்கு இருந்த சௌகரியம் செவிக்கு அங்கே முழுதும் இருக்கிறது. லொம்பாரிடம் வந்தவர்கள் உயர்த்தியதும் உரப்பைத்தான். சொற்களை அவர்கள் தவறாகச் சொல்லவில்லை.